சிங்கப்பூர் மாநாட்டில் கேமராவோடு

சிங்கப்பூரில் நடந்த ஒரு திறந்த மூல மென்பொருள் (நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் முடிகிற மென்பொருள்) மாநாட்டுக்குப் போட்டோ எடுக்கும் தன்னார்வலராகப் போய்விட்டுச் சென்னை திரும்பியிருக்கிறேன். படங்களைப் பார்த்தவர்கள் சம்பளம் உண்டா, டிக்கெட் யார் போட்டார்கள், எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதிவிடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் நான் சொல்ல நினைப்பது ஒன்று இருக்கிறது. பெரிய அரங்கில் பெயர் பெற்றவர் ஒருவர் பேசும்போது வரிசைக்கு வரிசை கைப்பேசிகள் மேலே போகின்றன, அவருக்குப் படம் எப்படியும் கிடைத்துவிடும். மாடியில் கடைசி அறையில், இருபது பேர் முன்னால், வாழ்க்கையில் முதன்முறையாக மைக் பிடிக்கிற பிள்ளையை யார் எடுப்பார்கள்? தன்னார்வப் போட்டோகிராஃபர் தேவைப்படுவது அந்த அறையில்தான். நான் போனதும் அதற்காகத்தான்.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன். சம்பளம் கிடையாது. விமான டிக்கெட் என் காசு, தங்கியது உட்லண்ட்ஸில் பெரியம்மா மகள் வீட்டில். நுழைவுச்சீட்டு, டி-ஷர்ட், மதியச் சாப்பாடு மட்டும் மாநாட்டுக்காரர்கள் பொறுப்பு. சமூக மாநாடுகள் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகின்றன, ஏற்பாடு செய்கிறவர்களே ஆபீஸ் முடிந்து ராத்திரி உட்கார்ந்து சம்பளமில்லாமல் செய்கிறவர்கள், அதனால் எனக்கு இதில் குறை எதுவும் இல்லை. போட்டோ எடுத்துத்தான் பிழைப்பு என்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் கூலி கேட்க வேண்டும், கேட்பது முழுக்க நியாயம். நான் வார நாட்களில் மென்பொருள் சோதனை வேலை பார்க்கிறவள், கல்யாண சீசனில் தோழி ஒருத்தியின் ஸ்டூடியோவுக்கு இரண்டாவது கேமராவாகப் போகிறவள். இந்த இரண்டும் சேர்ந்துதான் எனக்கு இந்த வாய்ப்பைத் தந்தது.

தன்னார்வலர் படிவத்தில் 'உங்கள் படங்கள் சிலவற்றை இணையுங்கள்' என்று இருக்கும். அங்கே மெரினா சூரிய உதயத்தையும் வேடந்தாங்கல் பறவையையும் அனுப்பாதீர்கள். அவை எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர்கள் பார்க்க விரும்புவது ஒன்றைத்தான்: வெளிச்சம் குறைந்த அறையில், அசைந்துகொண்டே இருக்கிற மனிதர்களை, ஃபிளாஷ் அடிக்காமல் உங்களால் எடுக்க முடிகிறதா. சென்னையில் மாதாமாதம் நடக்கிற பைத்தான், லினக்ஸ் போன்ற மென்பொருள் கூட்டங்களுக்குக் கேமராவோடு போய் வந்தால் அந்த மாதிரிப் படங்கள் தானாகச் சேர்ந்துவிடும். நான் அனுப்பியது அவ்வளவுதான்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சிங்கப்பூர் விசா முன்கூட்டியே வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது, பணம் கேட்கிற தளங்களை நம்பாதீர்கள். தன்னார்வ வேலைதானே என்று அலட்சியமாக இருக்காமல், என்ன வேலை செய்யப் போகிறோம், கூலி உண்டா இல்லையா என்பதை ஏற்பாட்டாளர்களிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கூடுதல் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. விலை உயர்ந்த லென்ஸ் கொண்டு போகிறவர்கள் சென்னை விமான நிலையத்தில் கிளம்பும்போதே சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட்டால், திரும்பி வரும்போது 'இது அங்கே வாங்கியதா' என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும். அங்கே சுவரில் இருப்பது சதுரக் கால் மூன்று உள்ள பிரிட்டிஷ் பிளக், நம் சார்ஜர் நேராகச் செருகாது. சிங்கப்பூரில் லென்ஸ் வாடகைக்கும் கிடைக்கிறது. கோல்மன் தெருவில் இருக்கும் பெனின்சுலா கடைத்தொகுதிக்குப் போனால் பழைய கேமராக்களும் லென்ஸ்களும் கண்ணாடிப் பெட்டிகளில் வரிசையாக இருக்கும், அங்கே ஒரு மதியம் முழுக்கக் கரைந்துபோகும்.

ஏன் சிங்கப்பூர் என்று அக்கா வீட்டில் கேட்டார்கள். அந்த ஊருக்கும் கணினித் துறைக்கும், அதிலும் நம் மொழிக்கும், இருக்கிற உறவு பெரிது. 2010இல் பைத்தான் நிரல்மொழிக்கான ஆசிய பசிபிக் மாநாடான பைகான் ஏபேக் முதல்முறை நடந்தது சிங்கப்பூரில். 2009இல் தொடங்கிய ஃபாஸ்ஏசியா என்ற திறந்த மூல அமைப்பு பல ஆண்டுகள் தன் மாநாட்டை அங்கே நடத்தியது. அதற்கெல்லாம் முன்னால், 1997 மே மாதம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 'தமிழ்நெட் 97' நடந்தது. இணையத்தில் தமிழ் எப்படி ஓட வேண்டும், எழுத்துருக் குறியீடு எது, விசைப்பலகை எது என்று பல நாட்டுத் தமிழர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியது அங்கேதான். அதற்கு உயிராக இருந்தவர் நா. கோவிந்தசாமி. எழுத்தாளர், ஆசிரியர் பயிற்சிக் கல்வியாளர், தமிழைக் கணினியில் ஏற்றுவதற்கு ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். 1999இல் மறைந்துவிட்டார். அடுத்த ஆண்டு ஜூலையில் அதே சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில்தான் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது.

சென்ற ஆண்டு எங்கள் கூட்டம் ஒன்றில் தமிழ்க் கணிமை வரலாறு பற்றிப் பேசுவதற்காக அந்த மாநாடுகளின் படங்களைத் தேடினேன். எனக்கு அகப்பட்டவை தபால்தலை அளவு படங்கள், பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகிறது. சில படங்களில் யார் யார் என்ற குறிப்பு இல்லை. சிலவற்றை எடுத்தது யார் என்று தெரியாததால் எங்கேயும் பயன்படுத்த வழியில்லை. நாம் இன்று கைப்பேசியில் சர்வ சாதாரணமாகத் தமிழில் தட்டுகிறோமே, அதற்கு அடித்தளம் போட்ட மனிதர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாதிட்ட அந்தக் காட்சி, நல்ல வெளிச்சத்தில், பெயர்களோடு, யாரும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமத்தோடு எனக்கு வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை. இன்று நடக்கிற கூட்டங்களுக்காவது அந்த நிலை வரக் கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்தது அப்போதுதான்.

மாநாட்டுக்கு முந்தைய மாலை எங்கள் போட்டோ குழு கூடியது. தலைமை தாங்கியவர் சிங்கப்பூர்த் தமிழர், எல்லோருக்கும் அவர் அண்ணன். முதலில் அவர் பேசியது கேமராவைப் பற்றி அல்ல, பெயரட்டை தொங்கும் கழுத்துப் பட்டியைப் பற்றி. நீலப் பட்டி போட்டவர்களை எடுக்கலாம், சிவப்புப் பட்டி போட்டவர்கள் தங்களைப் படம் எடுக்க வேண்டாம் என்று சொன்னவர்கள். "சிவப்புப் பட்டியைப் பார்த்தா காரணம் கேட்கக் கூடாது, சிரிச்சு சமாதானம் பண்ணக் கூடாது, கேமராவைக் கீழ இறக்கிடணும்" என்றார். இந்த மாதிரி வண்ணப் பட்டி முறையைத் தொழில்நுட்ப மாநாடுகளில் பரப்பியதில் திறந்த தொழில்நுட்பத் துறையில் பெண்களுக்காக இயங்கிய அடா இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு நடத்திய அடாகேம்ப் கூட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறம், மஞ்சள் என்றால் கேட்டுவிட்டு எடு.

இதை நான் வெறும் நாகரிகமாகப் பார்க்கவில்லை. ஒருவருக்குப் பழைய கணவரிடமிருந்து ஆபத்து இருக்கலாம், இன்னொருவர் ஆபீஸுக்குத் தெரியாமல் விடுப்பு எடுத்து வந்திருக்கலாம், மற்றவருக்குப் படம் பிடிக்காது, அவ்வளவுதான். எந்தக் காரணமாக இருந்தாலும் அது அவர்களுடையது. சிங்கப்பூரில் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2012இல் நிறைவேறி 2014 ஜூலையில் முழுதாக நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், ஆளை அடையாளம் காட்டுகிற படமும் தனிநபர் தரவுதான். அதனால்தான் பதிவு மேசைக்குப் பக்கத்தில் 'இங்கே படம் எடுக்கப்படும், இன்ன காரியத்துக்குப் பயன்படும்' என்று பெரிய பலகை வைத்திருந்தார்கள், பதிவுப் படிவத்திலும் அதே வாசகம். நம் ஊர் நிகழ்ச்சிகளில் இந்தப் பலகையை நான் பார்த்தது மிகக் குறைவு. அட்டையும் பட்டியும் எவ்வளவு செலவாகிவிடப் போகிறது? அடுத்து எங்கள் கூட்டத்தில் இதைக் கொண்டுவரச் சொல்லி இப்போதே கேட்டிருக்கிறேன்.

முதல் நாள் காலை. வெளியே ஈரக்காற்று அடிக்கிறது, உள்ளே குளிர்சாதனம் எலும்பைத் தொடுகிறது. சிங்கப்பூரில் வெளிப்புறப் படமும் உட்புறப் படமும் மாறி மாறி எடுக்கிறவர்களுக்கு இதுதான் முதல் தொல்லை. குளிர்ந்த லென்ஸை வெளியே எடுத்தவுடன் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும், துடைத்தாலும் மறுபடி படியும். பையின் ஜிப்பைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வெளியில் வைத்திருந்து, கேமரா அந்தச் சூட்டுக்குப் பழகியதும் எடுத்தால் பிரச்சினை இல்லை. அண்ணன் முந்தின நாளே சொல்லிவிட்டதால் வாசலில் எடுக்க வேண்டிய படங்களுக்கு ஒரு கேமராவை வெளிப்புறத் தாழ்வாரத்திலேயே ஆள் போட்டு வைத்திருந்தோம்.

உள்ளே விளக்கு. மாநாட்டு மேடையில் நம்மைப் பாடாய்ப் படுத்துவது எல்இடி விளக்குகள்தான். சிங்கப்பூரிலும் நம் நாட்டைப் போலவே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். சத்தம் வராமல் இருக்க எலக்ட்ரானிக் ஷட்டரில் போட்டு வேகத்தை ஏற்றினால் படத்தில் வரி வரியாகக் கறுப்புப் பட்டை விழும். 1/100 நொடிக்கு இறக்கினால் பட்டை போய்விடும், ஆனால் கையை வீசிப் பேசுகிறவரின் விரல்கள் கலங்கும். நான் செய்தது, கேமராவில் இருக்கிற துடிப்பு தவிர்க்கும் வசதியைப் போட்டுக்கொண்டு மெக்கானிக்கல் ஷட்டரில் 1/200 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 3200 முதல் 6400 வரை. சின்ன அறைகளில் ஷட்டர் சத்தம் பேச்சைக் கெடுக்கும் என்பதால் அங்கே மட்டும் சத்தமில்லாத ஷட்டர், 1/100, பேசுகிறவர் கை ஓய்கிற கணத்துக்குக் காத்திருப்பது. புரொஜெக்டர் இன்னொரு வம்பு. சுழல்கிற வண்ணச் சக்கரம் உள்ள புரொஜெக்டராக இருந்தால் வேகமான ஷட்டரில் திரை பாதி மஞ்சளாகவும் பாதி நீலமாகவும் விழும். திரையும் தெளிவாகத் தெரிய வேண்டிய படத்துக்கு 1/60க்குக் கீழே இறங்கியே ஆக வேண்டும்.

ஆனால் எந்த அமைப்பையும் விட எனக்கு உதவியது விளக்குப் பலகையில் உட்கார்ந்திருந்த தம்பிதான். பெரிய அரங்கின் மேடை முழுக்க ஊதா வெளிச்சம், நேரில் பார்க்க நன்றாக இருக்கும், படத்தில் பேசுகிறவர் நோயாளி மாதிரி விழுவார். பின்னால் கட்டுப்பாட்டு மேசைக்குப் போய் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன், அந்தப் பக்கம் இருந்தவர் என் அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டு, "அக்கா, தமிழா? ஊர்ல எங்க?" என்றார். புதுக்கோட்டைப் பக்கம் அவருக்கு, சிங்கப்பூர் வந்து பல வருடம். "முன்னாடி இருந்து முகத்துல கொஞ்சம் வெள்ளை லைட் ஏத்த முடியுமா தம்பி?" என்று கேட்டேன். ஊதாவைப் பின்திரையில் மட்டும் வைத்துக்கொண்டு முன்விளக்கைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தார், நான் மேடையில் நின்ற தோழரை எடுத்துத் திரையில் காட்டினேன், "இன்னும் கொஞ்சம்" என்றார் அவரே. அன்றைக்கு அந்த மேடையில் எடுக்கப்பட்ட அத்தனை படங்களும், என்னுடையவை மட்டுமல்ல, கைப்பேசியில் எடுத்தவர்களுடையவையும், ஒளிபரப்பும், நன்றாக வந்ததற்கு அந்த ஒரு விரல் அசைவுதான் காரணம். மாநாட்டில் போட்டோ எடுக்கப் போகிறவர்களுக்கு என் முதல் ஆலோசனை, அரங்கத்துக்குள் நுழைந்ததும் விளக்குக்காரரைத் தேடிப் போய் வணக்கம் சொல்லுங்கள்.

இந்த விளக்குப் பேச்சுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் நிறம். வெள்ளைப் பின்னணி உள்ள ஸ்லைடுக்கு முன்னால் கறுத்த முகம் நின்றால், தானியங்கி அளவில் விடப்பட்ட கேமரா வெள்ளையைப் பார்த்துப் பயந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருண்டு போகும், கண் இருக்கிற இடமே தெரியாது. பக்கத்தில் நிற்கிற வெளிர் நிறத்தவர் சரியாக விழுந்திருப்பார். இது கேமராவின் இயற்கை என்று விட்டுவிட முடியாது, எதை அளவாக வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஃபிலிம் காலத்தில் கோடக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய அட்டைகளில் பல காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது, அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள்.

நான் முகத்தில் மட்டும் வெளிச்சத்தை அளந்து, ஒளியளவைக் கைமுறையில் பூட்டிவிடுகிறேன். மேடை விளக்கு மாறாத வரை அதுவும் மாறத் தேவையில்லை. ஸ்லைடு வெளுத்துப் போனால் போகட்டும், ஸ்லைடு பிடிஎஃப் ஆகக் கிடைக்கும், அந்த முகம் கிடைக்காது. அதே சமயம் எடிட்டிங்கில் வெளுப்பாக்குவதும் கிடையாது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் கல்யாணப் பெண்ணை மாவு பூசினது போல ஆக்குகிற பழக்கம் எனக்கு ஆகவே ஆகாது. மாநாட்டில் பேசிய தமிழர் ஒருவர், நடுத்தர வயதுக்காரர், இடைவேளையில் வந்து "கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்கம்மா" என்றார். அப்போதுதான் எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். நெற்றியில் மேடை விளக்கு பட்டு மின்னுகிறது, தோலின் நிறம் அப்படியே இருக்கிறது, கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, இப்படியே இருக்கட்டும்" என்றார். வெளிச்சம் சரியாக விழுந்தால் யாருக்கும் வெளுப்பு தேவைப்படாது என்பது என் அனுபவம்.

இனி அந்தக் கடைசி அறை. கால அட்டவணையில் பெரிய பெயர்களைத்தான் எல்லாப் போட்டோகிராஃபர்களும் வட்டமிடுகிறார்கள். நான் பேச்சாளர் பட்டியலை முன்னாலேயே வாங்கி, முதல்முறை பேசுகிறவர்கள் யார் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, அவர்கள் அறைகளை முழுக்க என்னிடம் விட்டுவிட்டார். அதில் ஒருவர் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவி. பழைய தமிழ் அச்சுப் புத்தகங்களின் பக்கங்களை எழுத்தாக மாற்றும்போது டெசராக்ட் என்ற மென்பொருள் எங்கெங்கே தடுமாறுகிறது, கொம்பையும் துணைக்காலையும் எப்படிப் பிரித்துக் குழப்புகிறது என்பது பேச்சு. பயணத்துக்கு உதவித்தொகை வாங்கி வந்திருக்கிறார். அறைக்கு வெளியே நின்றுகொண்டு காகிதத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "அக்கா, முதல் அஞ்சு நிமிஷம் எடுக்காதீங்க, கேமராவப் பாத்தா மறந்துடும்" என்றார். எடுக்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

இதை விளக்கமாகவே சொல்கிறேன். பேச்சின் முதல் சில நிமிடங்களில்தான் பெரும்பாலோர் எடுத்துத் தள்ளிவிட்டு அடுத்த அறைக்கு ஓடுகிறார்கள், ஆனால் பேசுகிறவருக்கு உடம்பு இறுகியிருப்பதும் அப்போதுதான். தோள் தூக்கியிருக்கும், பார்வை மடிக்கணினியை விட்டு எழாது. பாதி தாண்டினால் கை தானாக எழும், மேசையை விட்டு வெளியே வந்து நிற்பார்கள், எங்கேயாவது ஒருவர் தலையாட்டுவது கண்ணில் பட்டதும் முகம் மாறும். அதையும் விட நல்ல நேரம் ஒன்று இருக்கிறது: கேள்வி நேரம். கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிற முகத்தில் வாய் மூடியிருக்கும், கண் விழித்திருக்கும், நடிப்பு எதுவும் இருக்காது. மைக்கைக் கையில் பிடித்துப் பேசுகிறவர் என்றால் அந்தக் கைக்கு எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள், இல்லாவிட்டால் மைக் பாதி வாயை மறைத்துவிடும்.

அந்த மாணவியிடம் ஜப்பான்காரர் ஒருவர், செங்குத்தாக அச்சிட்ட பழைய ஜப்பானியப் பக்கங்களிலும் இதே மாதிரித் தொல்லை உண்டு என்று ஆரம்பித்து நீளமாக ஒரு கேள்வி கேட்டார். அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது மாணவி ஒரு கையை இடுப்பில் வைத்து, தலையை லேசாகச் சாய்த்து, பதில் தெரிந்த ஆசிரியர் மாதிரி நின்றார். அறையின் பக்கவாட்டிலிருந்து எடுத்தேன், பின்னால் திரையில் பெரிதாக ஒரு 'கொ', முன்னால் கேட்கிறவர்களின் தலைகள். அதன்பிறகு அவர் தோளுக்குப் பின்னால் போய் அறை முழுக்க ஒரு படம். அறை சின்னதுதான், ஆனால் உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கிறவர்களும் அதில் தெரிகிறார்கள். இந்த இரண்டு படங்களும் அன்று இரவே அவருக்குப் போய்விட்டன. அடுத்த மாநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது 'இதற்கு முன் பேசியிருக்கிறீர்களா' என்ற கட்டம் இருக்குமே, அதில் இணைக்க இப்போது அவரிடம் படம் இருக்கிறது. கல்லூரியில் துறைத்தலைவர் அறை வாசலிலும் ஒட்டியிருக்கிறார்களாம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் படம் எடுக்க மாட்டேன். வாயில் உணவோடு இருக்கிற படம் யாருக்கும் வேண்டாம். அந்த நேரத்தில் கார்டுகளைப் பிரதி எடுத்துவிட்டு, நானும் உட்கார்ந்து சாப்பிடுவேன். பதிவு மேசைப் பிள்ளைகள், வரிசையை ஒழுங்குபடுத்துகிறவர்கள், சைகை மொழிபெயர்ப்பாளர்கள், இவர்களைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பது நல்லது, கொஞ்சம் தளர்ந்து சிரிப்பார்கள். மாலையில் குழு முழுக்க எம்ஆர்டி ரயில் பிடித்துச் சிராங்கூன் சாலைக்குப் போய், 1947 முதல் இருக்கிற கோமளவிலாஸில் தோசை சாப்பிட்டோம். தாய்லாந்திலிருந்து வந்த ஒரு போட்டோகிராஃபர் முதன்முதலாகச் சாம்பார் வாளியைப் பார்த்து அதையும் எடுத்துக்கொண்டார், சர்வரிடம் கேட்டுவிட்டுத்தான்.

இரவில் வேலை தொடரும். எத்தனை கேமரா இருந்தாலும் கடிகாரம் ஒன்றாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் படங்களை நேர வரிசையில் சேர்க்கும்போது காலைப் பேச்சும் மதியப் பேச்சும் கலந்துவிடும். சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால், எங்கள் குழுவில் ஆறு நாட்டுக் கேமராக்கள், அதனால் முதல் வேலையாக எல்லோரும் ஒரே கைப்பேசியின் கடிகாரத்தைப் படம் எடுத்துக்கொண்டோம். எந்தக் கேமரா எவ்வளவு விலகியிருக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்துவிடும், எக்ஸிப்டூல் என்ற மென்பொருளை வைத்து மொத்தமாகத் திருத்திக்கொள்ளலாம். தேர்வும் திருத்தமும் எனக்கு டார்க்டேபிள் என்ற மென்பொருளில், திறந்த மூல மாநாட்டுப் படங்களைத் திறந்த மூல மென்பொருளில் முடிப்பதில் எனக்கு ஒரு மனநிறைவு. உட்லண்ட்ஸில் அக்காவின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து உட்காருவேன், அக்கா தே தாரிக் என்கிற பால் தேநீரை வைத்துவிட்டு, "இவங்க கண்ண மூடிட்டாங்க, இது வேண்டாம்" என்று பக்கத்தில் நின்று கழித்துக் கொடுப்பார். கழிப்பதில் இரக்கம் கூடாது. ஒரே முகத்தின் பதினைந்து படங்களை மாநாட்டுத் தளத்தில் கொட்டினால் யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள். சிவப்புப் பட்டி பின்னணியில் எங்காவது தெரிகிறதா என்பதற்காக மட்டும் இன்னொரு முறை எல்லாவற்றையும் பார்த்தோம். தெரிந்தால் வெட்டு, வெட்ட முடியாவிட்டால் அந்தப் படமே வேண்டாம்.

உரிமம் பற்றி அதிகம் பேர் யோசிப்பதில்லை, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பிறர் கேட்டு எடுத்துக் கொடுத்த படமாக இருந்தாலும் உரிமை எடுத்தவருக்குத்தான், பயன்படுத்தும்போது எடுத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையும் அதில் வந்தது. நம் 1957 சட்டத்தில், கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆக, எந்த நாட்டில், என்ன ஏற்பாட்டில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து உரிமை கை மாறுகிறது. இந்த மாநாட்டில் முன்னாலேயே பேசி முடித்துக்கொண்டோம்: உரிமை எடுத்தவர்களுக்கு, படங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் ஆட்ரிபியூஷன்-ஷேர்அலைக் உரிமத்தில், அதாவது எடுத்தவர் பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்தலாம், மாற்றினால் அதையும் இதே உரிமத்தில் வெளியிட வேண்டும். 'வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற நிபந்தனையைச் சேர்க்கலாமே என்று ஒருவர் கேட்டார். சேர்த்தால் விக்கிப்பீடியாவுக்குப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்ற முடியாது, விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் வராது. தமிழ் விக்கிப்பீடியாவில் கணிமைத் துறையினர் பற்றிய கட்டுரைகளைத் திறந்து பாருங்கள், எத்தனை பக்கங்களில் முகமே இல்லை. நான் முன்னால் சொன்ன 1997 படங்களின் கதி இன்னொரு தலைமுறைக்கு வர வேண்டாம் என்றால், பெயரும் தேதியும் உரிமமும் படக் கோப்பின் உள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், தளம் மூடினாலும் கோப்போடு சேர்ந்து போகும். பேச்சாளர் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்து எழுதினேன், ஒவ்வொருவரிடமும் எழுத்துக்கூட்டைக் கேட்டு.

கடைசி நாள் குழுப்படம். ஒலிபெருக்கியில் முதலில் இரண்டு நிமிடம் அறிவிப்பு, படத்தில் வர விரும்பாதவர்கள் விலகிக்கொள்ள நேரம், அப்புறம்தான் மாடிப் படியில் ஏறினேன். உயரத்திலிருந்து எடுத்தால் கடைசி வரிசை முகமும் தெரியும். "எனக்கு உங்க கண்ணு தெரியணும்னா உங்களுக்கு என் லென்ஸ் தெரியணும்" என்று நான் தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்துக்கு வந்தேன், முன்வரிசையில் தமிழ் தெரிந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தப் படத்தில் துப்புரவுப் பணியில் இருந்த அம்மாக்களையும் சேர்க்கச் சொல்லி ஏற்பாட்டாளர் ஒருவர் ஓடிப்போய் அழைத்து வந்தார், இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் வேண்டாம் என்றார், விட்டுவிட்டோம்.

விளக்குத் தம்பியையும் ஒரு படம் எடுத்தேன். பலகையின் சின்ன விளக்குகள் முகத்தில் பட, மேடையைப் பார்த்தபடி. பொது ஆல்பத்தில் போடலாமா என்று கேட்டதற்கு, "கம்பெனி சட்டையோட இருக்கேன்க்கா, அவங்க என்ன சொல்வாங்களோ, எனக்கு மட்டும் அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். மாநாட்டுத் தொகுப்பில் அது இல்லை, இங்கேயும் போடவில்லை.

மற்ற படங்கள் எல்லாம் விக்கிமீடியா காமன்ஸில் ஏறிக்கொண்டிருக்கின்றன, இன்னும் பாதி இருக்கிறது. இந்த மாநாட்டுக்கு வந்திருந்து, படத்தில் இருப்பது யார் என்று சொல்ல முடிகிறவர்கள் எனக்கு எழுதுங்கள், அவரிடம் கேட்டுவிட்டுப் பெயரைச் சேர்த்துவிடுகிறேன். உங்கள் படத்தை நீக்கச் சொன்னாலும் நீக்கிவிடுவேன், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 1997, 2000 சிங்கப்பூர் மாநாடுகளுக்குப் போனவர்கள் வீட்டில் ஆல்பத்தில் படங்கள் வைத்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஸ்கேன் செய்ய நானே வருகிறேன், சென்னையாக இருந்தாலும் சரி, சிங்கப்பூராக இருந்தாலும் சரி.